கைல பிடிச்சு எடுத்த வீடியோ ஏன் இப்டி ஆடுது, எடிட்ல அத எவ்வளவு தூரம் காப்பாத்தலாம்

வீட்டு விசேஷத்த ஹேண்டிகேம்ல எடுத்து டிவில போட்டா கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தரா எந்திரிச்சு போயிடறாங்க, தல சுத்துதுன்னு சொல்றாங்க, எடுத்தவருக்கு கை நிலையா இல்லன்னு பேசிக்கறாங்க. ஆனா கை அதுல ஒரு பங்குதான். மிச்சம் கேமராவோட எடை, ஜூம், மண்டபத்து வெளிச்சம், ஷட்டர், எல்லாத்தயும் தானாவே பாத்துக்கற ஆட்டோ செட்டிங், எல்லாத்துக்கும் மேல எடுக்கறப்ப எடிட்ட பத்தி யோசிக்காம எடுக்கறது. இத பிரிச்சு பாத்தாதான் எத எடுக்கற இடத்துலயே சரி பண்ணியாகணும், எத அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்னு பிடிபடும்.

முதல்ல கை. எந்த வியாதியும் இல்லாத மனுஷனோட கையும் செகண்டுக்கு 8லேந்து 12 தடவ லேசா அதிர்ந்துகிட்டேதான் இருக்கும், கண்ணுக்கு தெரியாது, அவ்ளோ சின்ன அதிர்வு. அதுக்கு மேல மூச்சு இழுத்து விடறதால வர்ற மெதுவான ஏத்த இறக்கம், கால் மாத்தி நிக்கறதால வர்ற சாய்வு. இதெல்லாம் எந்த கேமரா பிடிச்சாலும் இருக்கறதுதான், ஆனா கேமரா எவ்ளோ கனம்ங்கறதுல விஷயம் மாறுது. 1990கள்ல நம்ம ஊர் கல்யாணங்கள்ல தோள்ல தூக்கி வச்சு எடுத்தாங்களே பானசோனிக் எம் 3000, எம் 9000 மாதிரி பெரிய விஹெச்எஸ் கேமரா, அது தோள், கன்னம், ரெண்டு கைன்னு நாலு இடத்துல தாங்கி நிக்கும், எடையும் அதிகம், அதனால வேகமான சின்ன நடுக்கம் அத அசைக்கவே முடியாது. காலி குடத்த இடுப்புல வச்சுட்டு நடந்தா அது ஆடற ஆட்டமும் நிறைகுடம் ஆடற ஆட்டமும் ஒண்ணு கிடையாது, அதே கதைதான் இங்கயும். அப்புறம் வந்த கைக்கு அடக்கமான ஹேண்டிகேம் அரைக்கிலோ, அதுக்கும் கீழ, ஒரே ஒரு மணிக்கட்டுல தொங்குது, அதனால விரல் அசைஞ்சா கூட படத்துல விழுது. கேமரா சின்னதாக சின்னதாக தூக்கறது சுலபமாச்சு, நிலையா பிடிக்கறது கஷ்டமாச்சு, இத கடைல யாரும் சொல்லல.

காரெட் பிரவுன் 1970கள்ல கண்டுபிடிச்ச ஸ்டெடிகேம் கூட இந்த எடை விஷயத்ததான் பயன்படுத்துது, கேமராவ ஒரு கம்பத்தோட மேல வச்சு, பேட்டரியும் மானிட்டரும் கீழ தள்ளி வச்சு, எடைய பரப்பி விட்டு, எடையோட மையத்த ஆபரேட்டர் விரல் வைக்கற இடத்துக்கு பக்கத்துல கொண்டு வந்துடறது, அதனால அது திரும்பறதுக்கே சோம்பல் படும். நம்ம கைல இருக்கற சின்ன கேமராக்கு அடில ஒரு சின்ன ட்ரைபாட மடக்காம அப்டியே மாட்டி வச்சு பிடிச்சாலே பாதி நடுக்கம் போறது இதனாலதான். இன்னொரு பழைய வழி இருக்கு, கேமராக்கு அடில இருக்கற கால் இன்ச் ஸ்க்ரூ ஓட்டைல ஒரு போல்ட் மாட்டி அதுல கயிறு கட்டி, கயிறோட இன்னொரு முனைய காலால மிதிச்சுகிட்டு கேமராவ மேல இழுத்து விறைப்பா பிடிக்கறது. மேல கீழ ஆடறது அப்டியே நின்னுடும். செலவே கிடையாது, ஆனா விசேஷ வீட்ல இத பண்ணி பாத்த ஆள் ரொம்ப கம்மி.

அடுத்தது ஜூம், இதுதான் உண்மையான வில்லன். கேமரா டப்பால 20 எக்ஸ் 30 எக்ஸ்னு பெருசா போட்டு விக்கறாங்க, வாங்கறவங்களும் அத பாத்துதான் வாங்கறாங்க. கணக்கு போட்டு பாருங்க, ஸ்டில் கேமரா கணக்குல சொன்னா வைட்ல, அதாவது ஜூமே போடாதப்ப, 40 எம்எம் லென்ஸ் மாதிரி இருக்கற கேமரா 20 எக்ஸ்ல 800 எம்எம் ஆகிடும். 40 எம்எம்ல படத்தோட அகலம் ஏறக்குறைய 48 டிகிரி, அதுல கை ஒரு டிகிரி அசைஞ்சா படம் நூத்துக்கு ரெண்டு பங்கு நகரும், அவ்ளோதான், யாரும் கவனிக்க மாட்டாங்க. 800 எம்எம்ல மொத்த அகலமே சுமார் 2.6 டிகிரிதான், அதே ஒரு டிகிரி அசைவுக்கு படத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஓடிடும், பொண்ணு முகம் ஃபிரேம விட்டே போயிடும். அதே கை, அதே நடுக்கம். அதனால ஹேண்ட்ஹெல்ட்ல எடுக்கறப்ப ஜூம் பட்டன்ல விரல் வைக்காம வைட்ல வச்சுட்டு கிட்ட நடந்து போய் எடுக்கறதுதான் ஆயிரம் ரூபாய் சாமான் வாங்கறத விட பெரிய வைத்தியம். மண்டபத்துல பத்து அடி முன்னால போறதுக்கு கூச்சப்பட்டு பின் வரிசைலேந்து ஜூம் போட்டு எடுத்தது எதுவும் எடிட்ல தேறாது.

சரி, கேமராலயே ஸ்டெபிலைசர் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்லாவே வேலை செய்யுது, ஆனா எதுக்கு வேலை செய்யும் எதுக்கு செய்யாதுன்னு தெரிஞ்சுக்கணும். கேமராக்குள்ள சின்ன கைரோ சென்சார் இருக்கு, அது கேமரா திரும்பறத அளக்குது. ஆப்டிகல் வகைல அதுக்கு ஏத்த மாதிரி லென்ஸ்ல ஒரு கண்ணாடிய எதிர்ப்பக்கம் நகத்துவாங்க, எலக்ட்ரானிக் வகைல படத்த பதியற சென்சார்ல ஓரமா கொஞ்சம் இடம் மிச்சம் விட்டு படத்த அதுக்குள்ள நகத்துவாங்க. 2012ல சோனி சில ஹேண்டிகேம்ல லென்ஸும் சென்சாரும் சேந்த மொத்த பகுதியயே மிதக்க விட்டாங்க, அது வைட்ல ரொம்பவே நல்லா இருந்துச்சு. ஆனா கைரோ அளக்கறது திரும்பறத மட்டும்தான், கேமரா அப்டியே மேலயும் கீழயும் இடம் மாறறது அதுக்கு தெரியாது. நடந்துகிட்டே எடுக்கறப்ப வர்றது அந்த ஆட்டம். அதுவும் கிட்ட இருக்கற ஆள் அதிகமா நகருவார், தூரத்துல இருக்கற சுவர் கம்மியா நகரும், ஒண்ண நிறுத்துனா இன்னொண்ணு ஆடும். நடக்கறப்ப முட்டிய லேசா மடக்கி குதிகால்லேந்து விரலுக்கு பாதத்த உருட்டி வச்சு நடக்கறத தவிர அதுக்கு மலிவான வழி இல்ல. இன்னொண்ணு, மெதுவா பேன் பண்ண, அதாவது கேமராவ பக்கவாட்டுல திருப்ப, ஆரம்பிச்சா ஸ்டெபிலைசர் அதயும் நடுக்கம்னு நெனச்சு முதல்ல பிடிச்சு வச்சுட்டு அப்புறம் டக்குன்னு விடும், பேனோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரு வெட்டு வெட்டும். ட்ரைபாட்ல வச்சா ஸ்டெபிலைசர ஆஃப் பண்ண சொல்றதும் இதனாலதான்.

இப்ப வெளிச்சம். இத பத்தி நம்ம ஊர்ல பேசறதே இல்ல, ஆனா நம்ம ஊருக்குன்னே இருக்கற பிரச்சனை இது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய சோக் வச்ச ட்யூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். ஷட்டர, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழற நேரத்த, செகண்டுல 50ல ஒரு பங்கு வச்சா ஒவ்வொரு ஃபிரேம்லயும் சரியா ரெண்டு மினுக்கு விழும், 100ல ஒரு பங்கு வச்சா ஒண்ணு, ரெண்டும் சுத்தமா இருக்கும். 60ல ஒரு பங்கு வச்சா ஒண்ணும் மூணுல ரெண்டு பங்கும்னு அரைகுறையா விழுந்து படம் துடிக்கும், சீமாஸ்ங்கற வகை பட சென்சார் இருந்தா குறுக்க கோடு கோடா ஓடும். அமெரிக்கால இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்த, என்டிஎஸ்சிங்கற அந்த ஊர் டிவி முறை கேமரால எடுத்த மண்டபம் எல்லாம் ஏன் மினுக்குச்சுன்னா காரணம் இதுதான், அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அந்த கேமரா அந்த ஊருக்கு செஞ்சது. இன்னைக்கு போன்ல செகண்டுக்கு 30 ஃபிரேம்ல எடுக்கறவங்களுக்கும் அதே தொல்ல வருது, 25 ஃபிரேமுக்கு மாத்தலாம், இல்லன்னா 30லயே ஷட்டர 50லயோ 100லயோ பூட்டிடலாம்.

இருட்டும் ஆட்டமும் சேந்தா இன்னும் மோசம். ஹேண்டிகேம் சென்சார் நகத்த விட சின்னது, வெளிச்சம் பத்தலன்னா கேமரா தானாவே ஷட்டர மெதுவாக்கிடும், அப்ப கை அசைஞ்சா ஒவ்வொரு ஃபிரேமுமே இழுத்து மங்கலா பதிவாகும். இத அப்புறம் சாஃப்ட்வேர்ல ஸ்டெபிலைஸ் பண்ணா படம் நிக்கும், ஆனா நின்ன படம் அப்பப்ப மங்கி மங்கி தெளியும். காரணமே இல்லாம மங்கறது பாக்கறதுக்கு ஆடறத விட அசிங்கமா இருக்கும். ஃபிரேம் எங்க இருக்குங்கறத சாஃப்ட்வேர் மாத்தலாம், ஃபிரேம் உள்ள பதிவான மங்கல அது எடுக்க முடியாது. அதே மாதிரி சீமாஸ் சென்சார் படத்த மேலேந்து கீழ வரி வரியா படிக்குது, படிச்சு முடிக்கறதுக்குள்ள கேமரா திரும்பிட்டா தூண் எல்லாம் சாஞ்சு போய் பதிவாகும், வேகமா அதிர்ந்தா ஜெல்லி மாதிரி நெளியும். பழைய சிசிடி கேமரால இந்த தொல்ல கிடையாது. 2011ல ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கற ப்ரோக்ராம்ல வந்த வார்ப் ஸ்டெபிலைசர் படத்த துண்டு துண்டா வளைச்சு நேராக்கப் பாக்கும், பல ஷாட்டுல நல்லா வரும், ஆனா முன்னால யாராவது குறுக்க நடந்தா பின்னால சுவர் தண்ணில நனைஞ்ச மாதிரி அலையும்.

இவ்ளோ சொன்னதால ஆட்டமே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. 1995ல டென்மார்க் டைரக்டர்கள் சில பேர் டாக்மே 95னு ஒரு விதித்தொகுப்பு போட்டாங்க, கேமரா கைலதான் இருக்கணும், சத்தத்த தனியா பதிவு பண்ணி சேக்கக் கூடாதுன்னு அதுல விதி. அதுல முதல் படமா 1998ல வந்த ஃபெஸ்டென், ஒரு அப்பாவோட அறுபதாவது பிறந்தநாள் விருந்துல நடக்கற கதை, எடுத்தது சோனி பிசி 7னு உள்ளங்கைல அடங்கற வீட்டு மினிடிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட் கேமராவால, கேமராமேன் ஆண்டனி டாட் மேண்டில். அத 35 எம்எம்க்கு மாத்தி கான் பட விழால காட்டி ஜூரி பரிசும் வாங்கினாங்க. படம் முழுக்க ஆடுது, ஆனா தொந்தரவா இல்ல, ஏன்னா ஒவ்வொரு அசைவும் யாரோ பேசறத, யாரோ எழறத தேடி போகுது. வீட்டு வீடியோல தலசுத்தல் வர்றது, கேமரா எதயும் தேடாம சும்மா இடமும் வலமும் துடைக்கறதால.

அதுக்குத்தான் எடுக்கறப்பவே எடிட்ட மனசுல வைக்கணும்னு சொல்றேன். காதுகுத்த எடுத்துக்கங்க. மாமா மடில குழந்தைய உக்கார வச்சு, ஆசாரி ரெண்டு காதும் குத்தி முடிக்க சில நிமிஷம்தான், திரும்ப நடக்காது. பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா ரெக்கார்ட் பட்டன ஒரு தடவ அழுத்திட்டு குழந்தை முகம், ஆசாரி கை, அம்மா கண்ணு, கூட்டம்னு எல்லாத்தயும் ஒரே ஷாட்டுல நிக்காம சுத்தி சுத்தி பிடிக்கறாங்க. எடிட்ல அத வெட்டவே முடியாது, ஏன்னா எங்க வெட்டினாலும் கேமரா நகந்துகிட்டு இருக்கும். அதே சில நிமிஷத்துல குத்தறதுக்கு முன்ன மாமா மடிய வைட்ல கொஞ்ச நேரம், ஆசாரி ஊசிய எடுக்கறத கிட்ட போய், பாத்துகிட்டு இருக்கற பாட்டி முகத்த அசையாம, கூட்டத்துல கழுத்த நீட்டி பாக்கற பசங்களன்னு எடுத்துட்டு, குத்தற நேரத்துல வேற எங்கயும் போகாம குழந்தை முகத்துலயே நின்னுடணும். ஒவ்வொரு ஷாட்டும் மனசுக்குள்ள பத்து எண்ணற வரைக்கும் நிக்கட்டும், பேன் பண்ணா எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்தப் போறோம்னு முடிவு பண்ணிட்டு பண்ணுங்க, நின்ன பிறகும் சில செகண்ட் பிடிங்க. தூண் இருந்தா சாஞ்சுக்கங்க, முழங்கைய விலாவோட ஒட்டிக்கங்க, மூச்ச வெளிய விட்டுட்டு எடுங்க. பாட்டி முகம் மாதிரி ஒரு ஷாட் கைல இருந்தா, நடுவுல எந்த இடம் மோசமா ஆடினாலும் அத தூக்கிட்டு இத வச்சுடலாம், சத்தம் மட்டும் அப்டியே ஓடும்.

சத்தம்னு வந்ததும் ஒண்ணு சொல்லியாகணும். ஆடற படத்த ஜனங்க பொறுத்துப்பாங்க, கெட்டுப்போன சத்தத்த பொறுத்துக்க மாட்டாங்க. ஹேண்டிகேம்ல சத்தத்த கூட்டி குறைக்கறது ஆட்டோ, அதனால கெட்டிமேளம்னு தவில் அடிச்சதும் கேமரா பயந்து மொத்தத்தயும் அமுக்கிடும், தவில் நின்னதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காது, அப்புறம் ஃபேன் இரைச்சல் மெதுவா ஏறும். மேனுவல் லெவல் இருந்தா தவிலுக்கு வச்சு பூட்டுங்க, இல்லன்னா ஒரு போன நாதஸ்வரக்காரர்கிட்டேந்து கொஞ்சம் தள்ளி வச்சு தனியா பதிவு பண்ணுங்க. எடிட்ல அந்த ஒரே வாசிப்ப வெட்டாம கீழ ஓட விட்டு, மேல படத்த மட்டும் மாத்தினா அஞ்சு துண்டா இருக்கற வீடியோ ஒரே நிகழ்ச்சியா சேந்துக்கும். மினிடிவி கேமரா வச்சிருந்தவங்க ஆடியோ மோட் 12 பிட்ல இருந்துச்சா 16 பிட்ல இருந்துச்சான்னு பாருங்க, பல கேமரா 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ்லதான் வந்துச்சு, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்ததோட கலக்கறப்ப எடிட்டிங் ப்ரோக்ராம்ல அத கவனிச்சு மாத்திக்கணும்.

கேசட்டுலேந்து கேசட்டுக்கு ரெண்டு விசிஆர் வச்சு வீடியோ மிக்ஸிங் பண்ண காலத்துல ஒவ்வொரு காப்பிலயும் படம் மங்கும். 1995ல டிவிங்கற டிஜிட்டல் வீடியோ ஃபார்மேட்டும் சோனி விஎக்ஸ் 1000 கேமராவும் வந்து, ஃபயர்வயர் கேபிள்ல படம் நம்பராவே கம்ப்யூட்டருக்குள்ள போக ஆரம்பிச்சதும் அந்த தொல்ல போச்சு. செகண்டுக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியா முழுசா இருக்கும், அதனால எங்க வேணா வெட்டலாம், சாதாரண கம்ப்யூட்டரே தாங்கும். 2006ல வந்த ஏவிசிஹெச்டிங்கற ஃபார்மேட்ல படம் ஹெச்டி ஆச்சு, ஆனா முழு ஃபிரேம் எப்பவாவது ஒண்ணுதான், நடுவுல இருக்கறதெல்லாம் என்ன மாறுச்சுங்கற குறிப்பு மட்டும், அத ஓட்டறதுக்கு கம்ப்யூட்டர் முன்ன பின்ன ஃபிரேம் எல்லாம் கணக்கு போட்டாகணும். எடியஸ், பிரீமியர் மாதிரி எடிட்டிங் ப்ரோக்ராம்ல டைம்லைன் திக்குதுன்னா கம்ப்யூட்டர் பழசுன்னு மட்டும் நெனைக்காதீங்க, ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் ஒரு லேசான நகல், போட்டு எடிட் பண்ணி பாருங்க. ஏவிசிஹெச்டி கார்டுலேந்து காப்பி பண்றப்ப உள்ள இருக்கற கிளிப்ப மட்டும் எடுக்காம ஃபோல்டர் மொத்தத்தயும் எடுங்க, நீளமான ஷாட்ட கேமரா பல ஃபைலா உடைச்சு வச்சிருக்கும், தனியா எடுத்து ஒட்டினா ஒட்டுற இடத்துல சத்தம் ஒரு நொடி விட்டுப் போகும்.

எடிட்ல வரிசை முக்கியம். முதல்ல வெட்டி முடிங்க, ஸ்டெபிலைஸ் கடைசில. வெட்டினாலே ஆட்டத்துல பெரும்பகுதி போயிடும், ஏன்னா மோசமான ஆட்டம் எல்லாம் ஷாட்டோட ஆரம்பத்துலயும் கடைசிலயும்தான் இருக்கும். நிக்கற ஷாட்டுலேந்து வேகமா ஓடற ஷாட்டுக்கு டக்குன்னு போனா கண்ணு அடி வாங்கும், ஆனா ஒரே மாதிரி ஆட்டம் உள்ள ரெண்டு ஷாட் பக்கத்துல பக்கத்துல வந்தா கண்ணு சுலபமா ஏத்துக்கும், ஒருத்தர் எழுந்திரிக்கறப்ப, கை நீட்றப்ப, அந்த அசைவு நடுவுல வெட்டினா வெட்டே தெரியாது. அதுக்கு அப்புறமும் உறுத்தற ரெண்டு மூணு ஷாட்டுக்கு மட்டும் ஸ்டெபிலைசர் போடுங்க, அதுவும் முழு அளவுல வேண்டாம், கொஞ்சமா. படம் அஞ்சு பத்து பர்சன்ட் பெருசாகி ஓரம் வெட்டுப்படும், அதனால எடுக்கறப்பவே தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்கணும். பழைய 50 ஐ படம்னா, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியா செகண்டுக்கு 50 பாதிப் படமா பதிவானதுன்னா, முதல்ல டீஇன்டர்லேஸ் பண்ணி 50 முழு ஃபிரேமா மாத்திட்டு அப்புறம் போடுங்க, இல்லன்னா சீப்புப் பல் மாதிரி கோடுகள் படம் முழுக்க கலங்கி நிக்கும்.

ஆடுது, மங்குது, வெட்டிடலாம்ங்கறது பெரும்பாலும் சரி. ஆனா எப்பவும் இல்ல. 1991 மார்ச் 3ம் தேதி நடுராத்திரி தாண்டின கொஞ்ச நேரத்துல, அமெரிக்கால லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரோட்னி கிங்ங்கற கறுப்பினத்தவர போலீஸ்காரங்க அடிச்சத, ஜார்ஜ் ஹாலிடேன்னு ஒருத்தர் தன் வீட்டு பால்கனிலேந்து சோனி வீடியோ 8 ஹேண்டிகேம்ல எடுத்தார். பயிற்சி இல்லாத ஆள், இருட்டு, தூரம், ஜூம், மேல சொன்ன எல்லா குறையும் அதுல உண்டு. அந்த கேசட்ட அவர் குடுத்த கேடிஎல்ஏ சேனல், ஆரம்பத்துல கேமரா நகந்து மங்கலா இருந்த சில செகண்ட வெட்டிட்டு போட்டுச்சு, உலகம் முழுக்க ஓடினது பெரும்பாலும் அந்த வெட்டின வடிவம்தான். வெட்டுப்பட்ட பகுதில கிங் எழுந்து ஒரு போலீஸ்காரர் பக்கம் ஓடறதும் இருந்துச்சு. அடிச்ச போலீஸ்காரங்க மேல நடந்த கேஸ்ல, கோர்ட்ல ஜூரி முழு டேப்பையும் பாத்தாங்க, போலீஸ் தரப்பு வக்கீல்கள் அந்த சில செகண்டயும், மிச்சத்த ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி நிறுத்தி காட்டி அடிக்கு அடி விளக்கம் சொல்றதயும் வச்சே வாதாடினாங்க. 1992 ஏப்ரல் 29 வந்த தீர்ப்புல கிட்டத்தட்ட எல்லா குற்றச்சாட்டுலேந்தும் விடுதலை, டிவில பாத்த ஜனங்களால அத நம்பவே முடியல, ஊரே எரிஞ்சுச்சு, 60 பேருக்கு மேல செத்தாங்க. அந்த அடி அநியாயம்ங்கறதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. ஆனா ஆடின சில செகண்ட வெட்டினது, அநியாயத்த மறைக்க நெனச்ச தரப்புக்குத்தான் கைல ஆயுதமா போச்சு.

நம்ம வீட்டு விசேஷம் கோர்ட்டுக்கு போகப் போறது இல்ல, இருந்தாலும் எடிட் பண்ண பிரதிய மட்டும் வச்சுகிட்டு மூலத்த அழிக்காதீங்க. இன்னைக்கு ஆடுதுன்னு நீங்க தூக்கிப் போடற ஷாட்டுல ஓரமா நிக்கற பெரியப்பாவோட ஒரே அசையற படம் அதுவா இருக்கலாம். மினிடிவி கேசட் வச்சிருக்கறவங்களுக்கு நேரம் ரொம்ப கம்மி, ஓட்டற கேமராக்கள் ஒண்ணொண்ணா ரிப்பேராகுது, புது கம்ப்யூட்டர்கள்ல ஃபயர்வயர் போர்ட்டே வர்றதில்ல, நம்ம ஊர் ஈரப்பதத்துல டேப்புல பூஞ்சை வேற பிடிக்குது. ஓடற நிலைல ஒரு கேமராவும் ஃபயர்வயர் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரும் இப்ப கிடைச்சா, ஹெட்ட சுத்தம் பண்ணிட்டு, கேசட்ட ஒரு தடவ முழுசா முன்னால ஓட்டி பின்னால சுத்தி, வெட்டாம கொள்ளாம அப்டியே டிஜிட்டல் வீடியோ (டிவி) ஃபைலாவே கேப்சர் பண்ணி ரெண்டு வேற வேற ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க. எடிட்ட அதுக்கு அப்புறம் எப்ப வேணா பண்ணிக்கலாம்.